யூடியூப் ஓடாது, கேமரா இல்லை, விலையோ 17 ஆயிரம்... தமிழ் வாசகர் இ-ரீடர் வாங்கலாமா?

வாட்ஸ்அப் கிடையாது. யூடியூப் ஓடாது. கேமரா இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. படம் எல்லாம் கறுப்பு வெள்ளையில்தான் தெரியும். ஆனால் விலை 16,999 ரூபாய். 2025 ஏப்ரலில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த கிண்டில் பேப்பர்வைட் கருவியின் நிலவரம் இதுதான். 7 அங்குலத் திரை, 211 கிராம் எடை, புத்தகம் படிப்பதைத் தவிர வேறு வேலை எதுவும் தெரியாத ஒரு பலகை.

"அந்தக் காசுக்கு நல்ல ஆண்ட்ராய்டு டேப்லெட்டே வாங்கிடலாமே" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆங்கில நாவல் படிப்பவர்களுக்கு இதற்கான பதில் இணையம் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. தமிழ் படிக்கிறவர் என்ன செய்வது? அவருக்கு பேட்டரி, திரை, வெளிச்சம் எல்லாம் இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, அவர் படிக்க நினைக்கும் தமிழ்ப் புத்தகம் எந்த வகை ஃபைலாகக் கிடைக்கிறது என்பது. 17 ஆயிரம் ரூபாய் வீணாவதும் வீணாகாததும் அதில்தான் இருக்கிறது.

கடலூர் மாவட்டத்தில் இருக்கும் பெண்ணாடத்தை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

பெண்ணாடத்தின் 40 வரி

விருத்தாசலத்திலிருந்து திருச்சி போகும் ரயில் பாதையில் வருகிற பேரூராட்சி பெண்ணாடம். யானையின் பின்பக்கம் போல வளைந்த விமானம் கொண்ட பிரளயகாலேஸ்வரர் கோயில் இங்கேதான். தேவாரத்தில் இந்தக் கோயிலுக்குத் தூங்கானைமாடம் என்று பெயர். சைவ சித்தாந்தத்தின் முதல் நூல் என்று சொல்லப்படும் சிவஞான போதத்தைத் தந்த மெய்கண்டார் பிறந்த ஊரும் இதுதான். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அந்த நூல் 12 நூற்பா, மொத்தமே 40 வரி.

அந்த 40 வரியை இ-ரீடரில் படிக்க ஒரு பைசா செலவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்திய முயற்சி அது. மெய்கண்ட சாத்திரங்கள் அதில் இருக்கின்றன. எழுத்துகள் யூனிகோடில் இருப்பதால் கருவியில் ஏற்றியதும் ஒழுங்காகத் திறக்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானாக மடிந்து திரைக்குள் அடங்கும். அச்சுப் புத்தகத்தை விடவும் வசதி என்று சொல்லலாம்.

ஆனால் சிவஞான போதத்தை உரை இல்லாமல் படித்துப் புரிந்துகொள்கிறவர்கள் குறைவு. உரையோடு அச்சான பழைய பதிப்புகளைத் தேடினால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் போன்ற இடங்களில் கிடைப்பவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள். அதாவது ஒவ்வொரு பக்கமும் ஒரு போட்டோ. போட்டோவில் எழுத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்க முடியாது. பக்கத்தையே இழுத்துப் பெரிதாக்கி, இடமும் வலமுமாக நகர்த்தி நகர்த்திப் படிக்க வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் திரை ஒரு முறை மினுங்கும். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் கை போனைத் தேடும்.

ஒரே ஊர், ஒரே நூல். 40 வரிக்குக் கருவி பிரமாதம், அதன் உரைக்குத் தொல்லை.

திரையில் அப்படி என்ன விசேஷம்?

போன், டேப்லெட் திரைகள் வெளிச்சத்தைக் கண்ணுக்கு நேராக வீசுகின்றன. இ-ரீடரில் இருப்பது இ-இங்க் திரை. தலைமுடி தடிமனே உள்ள லட்சக்கணக்கான நுண்குமிழ்கள் அதில் இருக்கும். ஒவ்வொன்றின் உள்ளேயும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கும். மின்சாரம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். அப்படித்தான் எழுத்து உருவாகிறது. எழுத்து வந்து நின்ற பிறகு அதைக் காட்டிக்கொண்டிருக்க மின்சாரமே தேவையில்லை. பக்கம் புரட்டும்போது மட்டும் கொஞ்சம் செலவாகும்.

அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் பிறந்து, 1997-இல் தனி நிறுவனமான தொழில்நுட்பம் இது. 2004-இல் சோனி இந்தத் திரையோடு ஒரு ரீடரை ஜப்பானில் விற்றது. 2007 நவம்பரில் அமேசான் கிண்டில் வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

நடைமுறையில் இதனால் இரண்டு லாபம். வெயிலில் உட்கார்ந்தாலும் காகிதம் மாதிரியே தெளிவாகத் தெரியும். பஸ் ஸ்டாண்டிலோ ரயில்வே பிளாட்பாரத்திலோ போன் திரையைக் கையால் மறைத்து மறைத்துப் பார்க்கும் வேலை இல்லை. இரண்டாவது, சார்ஜ். புதிய பேப்பர்வைட்டுக்கு 12 வாரம் வரை என்கிறது அமேசான். வைஃபையை அணைத்துவிட்டு ஒரு நாளைக்கு அரை மணி நேரம் படித்தால் வரும் கணக்கு அது. தினமும் இரண்டு மணி நேரம் படிக்கிறவர் சில வாரங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவே பெரிய விஷயம்தான். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. போன் சார்ஜ் போட ஜெனரேட்டர் தேடி அலைந்த நாட்களை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

"கண்ணுக்கு நல்லது" என்று விளம்பரங்கள் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பலரும் மேற்கோள் காட்டும் ஓர் அமெரிக்க ஆய்வு உண்டு. தூங்கும் முன் ஒளிவீசும் கருவியில் படித்தவர்கள், அச்சுப் புத்தகம் படித்தவர்களை விடத் தூங்க ஏறக்குறைய 10 நிமிடம் அதிகம் எடுத்துக்கொண்டார்கள் என்றது அது. பங்கேற்றவர்கள் 12 பேர், பயன்படுத்திய கருவி ஐபேட். இ-இங்க் திரையை அந்த ஆய்வு சோதிக்கவே இல்லை. ரீடரிலும் ஓரத்தில் எல்இடி விளக்கு உண்டு. ஆனால் அது திரையின் மேல் படர்கிறது, கண்ணை நோக்கி வருவதில்லை.

தமிழ் எப்போது வந்தது?

கிண்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2012-இல். தமிழ்ப் புத்தகங்கள் அதன் கடையில் அதிகாரபூர்வமாக வந்ததோ 2016 டிசம்பர் 1-ஆம் தேதி. இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகியவற்றோடு சேர்த்துத் தமிழுக்கும் அன்றுதான் கதவு திறந்தது. அதற்கு முன் தமிழ் ஃபைலைப் போட்டால் பல மாடல்களில் கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

அந்தக் காலத்தின் தடம் இன்னும் ஓர் இடத்தில் இருக்கிறது. 2013 முதல் இலவசத் தமிழ் மின்நூல்களை வெளியிட்டுவரும் ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்துக்குப் போனால் ஒவ்வொரு புத்தகத்துக்கும் இபப், மோபி, ஏ4 பிடிஎஃப் ஆகியவற்றோடு "6 இன்ச் பிடிஎஃப்" என்றும் ஒன்று இருப்பதைப் பார்க்கலாம். தமிழ் எழுத்துரு தெரியாத ரீடர்களில் படிப்பதற்காக, 6 அங்குலத் திரை அளவுக்கே பக்கம் கட்டிக் கொடுத்த ஃபைல் அது. கருவி நம் மொழிக்கு வராத நாளில் நம் ஆட்கள் செய்த ஏற்பாடு.

இன்று கடையில் தற்கால நாவல், சிறுகதை, கட்டுரை என்று தமிழ் நன்றாகவே கிடைக்கிறது. அச்சுப் பதிப்பை விட மின்நூல் பல நேரங்களில் விலை குறைவு. 2015 செப்டம்பரில் இந்தியாவில் 199 ரூபாய் மாதச் சந்தாவோடு தொடங்கிய கிண்டில் அன்லிமிடெட் திட்டத்திலும் தமிழ்ப் புத்தகங்கள் ஏராளம். யார் வேண்டுமானாலும் பதிப்பாளர் இல்லாமல் நேரடியாக வெளியிடலாம் என்பதால் தரம் கலவையாக இருக்கும். முதல் பக்கத்திலேயே சந்திப்பிழை ஐந்தைக் கடந்தால் அடுத்த புத்தகத்துக்குப் போய்விடலாம், சந்தாவில் நஷ்டமில்லை.

பெரிய குறை அகராதி. ஆங்கிலச் சொல்லை விரலால் அழுத்தினால் உடனே பொருள் வரும். தமிழ்ச் சொல்லுக்கு அந்தச் சொகுசு இல்லை. பழைய நூல் படிக்கிறவருக்குத்தான் அகராதி அதிகம் தேவை, அவருக்குத்தான் அது கிடையாது.

டிஎன்பிஎஸ்சி படிப்பவர்கள் இதை அவசியம் கவனிக்கணும்

பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் போன்ற ஊர்களில் இ-ரீடர் வாங்கலாமா என்று யோசிப்பவர்களில் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையான பாடநூல்கள்தான் குரூப் தேர்வுகளுக்கு அடிப்படை. அவை பிடிஎஃப் ஆக அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. "எல்லாத்தையும் ஒரே கருவியில ஏத்திட்டா போதும்" என்று தோன்றுவது இயல்பு.

அங்கேதான் சிக்கல். பாடநூலின் பக்கம் பெரியது. வண்ணப் படம், வரைபடம், பெட்டிச் செய்தி, இரண்டு பத்தி அமைப்பு என்று நெருக்கமாக இருக்கும். அதை 7 அங்குலத் திரைக்குள் சுருக்கினால் எழுத்து எறும்பு அளவுக்குப் போய்விடும். வரைபடத்தில் பச்சை எது, மஞ்சள் எது என்று தெரியாது. இரண்டுமே சாம்பல் நிறம்தான்.

"பிடிஎஃப்-ஐ மின்நூலாக மாற்றிக்கொள்ளலாமே" என்று சிலர் சொல்வார்கள். ஆங்கில பிடிஎஃப் என்றால் ஓரளவு முடியும். தமிழில் பழைய வினை ஒன்று காத்திருக்கிறது. பல தமிழ் பிடிஎஃப்-கள் யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் தயாரானவை. பாமினி போன்ற எழுத்துருக்களில் 'அ' என்று கண்ணுக்குத் தெரிவது, கணினியின் கணக்கில் ஏதோ ஓர் ஆங்கில எழுத்து. எழுத்துருவைக் கழற்றிவிட்டு மாற்றினால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இருந்தாலும் அச்சுக்குப் பக்கம் கட்டும் இடங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓய்வு பெறவில்லை.

உங்கள் பிடிஎஃப் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. போனில் அதைத் திறந்து ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் நல்ல ஃபைல். கிறுக்கலாக வந்தால் பழைய எழுத்துரு. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது ஸ்கேன்.

படித்தது மனதில் தங்குமா என்ற கேள்வியும் இருக்கிறது. காகிதத்தையும் திரையையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளை, மொத்தம் 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகமானோரின் முடிவுகளை, ஒன்றாகத் தொகுத்து 2018-இல் ஒரு கட்டுரை வெளியானது. தகவல் நிறைந்த பாடங்களைப் படிக்கும்போது காகிதத்தில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நேரம் கணக்கிட்டுப் படித்தபோது இடைவெளி இன்னும் கூடியது. கதை படிப்பதில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. பரீட்சைக்குப் படிப்பவருக்கும் நாவல் படிப்பவருக்கும் ஒரே கருவி ஒரே பலன் தராது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை.

எனவே தேர்வுக்கு என்றால் அச்சிட்ட பாடநூலே மேல். பழைய பாடநூல்களைச் சீனியர்களிடம் வாங்கிக்கொள்வதும், கிளை நூலகத்தில் உட்கார்ந்து படிப்பதும் ரீடரை விடப் பல மடங்கு மலிவு. பிடிஎஃப் தவிர வேறு வழியில்லை என்றால் 10 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் பரவாயில்லை. கலரும் தெரியும், வகுப்பு வீடியோவும் ஓடும். கல்லூரி மாணவர் என்றால் கொஞ்சம் பொறுப்பதும் நல்லது. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி தருவதாக, 2 ஆயிரம் கோடி ரூபாய் ஒதுக்கி, 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. உங்கள் கல்லூரியின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

வாங்கிய புத்தகம் யாருடையது?

அச்சுப் புத்தகத்தைத் தங்கைக்குக் கொடுக்கலாம், நூலகத்துக்கு அன்பளிப்பாகத் தரலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம். மின்நூலில் இது எதுவும் முடியாது. நீங்கள் வாங்குவது புத்தகத்தை அல்ல, படிப்பதற்கான உரிமத்தை. அது உங்கள் கணக்கோடு கட்டப்பட்டது.

2009 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு கூத்து நடந்தது. உரிமை இல்லாத ஒருவர் பதிவேற்றிய பதிப்பு என்று சொல்லி, ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டையும் வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே அழித்துவிட்டது. அரசு கண்காணிப்பையும் தணிக்கையையும் பற்றிய நாவல் அது என்பதால் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. காசைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டார்கள். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையையே மூடியது. வாங்கிய புத்தகங்கள் திறக்காமல் போயின, பணம் திரும்பி வந்தது. நம் ஊரில் ஃபிளிப்கார்ட்டும் 2015-இல் மின்நூல் விற்பனையை நிறுத்தியது. வாடிக்கையாளர்களை வேறு நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டது.

கிண்டிலில் வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி, யூஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதி ஒன்று இருந்தது. 2025 பிப்ரவரி 26-ஆம் தேதியோடு அதையும் எடுத்துவிட்டார்கள். வைஃபை இல்லாத வீட்டில் கணினியை வைத்துச் சமாளித்தவர்களுக்கு இது நேரடி அடி. இனி போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் இறக்க வேண்டும்.

மதுரைத் திட்டம், ஃப்ரீதமிழ்இபுக்ஸ் போன்றவற்றில் எடுக்கும் நூல்களுக்கு இந்தப் பூட்டு கிடையாது. கல்கி, புதுமைப்பித்தன் போன்றோரின் படைப்புகள் நாட்டுடைமை ஆனவை. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் இலவசமாகவே கிடைக்கும். அதற்குப் போய் யாரிடமும் உரிமம் வாங்க வேண்டாம்.

அப்படியானால் யாருக்கு இது?

தொடர்ந்து நாவலும் கட்டுரையும் படிக்கிறவருக்கு. குறிப்பாக, புதிய தமிழ்ப் புத்தகம் கேட்ட அன்றே கிடைக்கும் கடை பக்கத்தில் இல்லாத ஊரில் இருப்பவருக்கு. நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்கோ மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கோ ஆண்டுக்கு ஒரு முறை போய்ப் பையை நிரப்பிக்கொண்டு வந்து, அது தீர்ந்ததும் அடுத்த கண்காட்சி வரை காத்திருப்பவருக்கு இ-ரீடர் நிச்சயம் உதவும்.

இன்னும் அதிகம் உதவுவது வீட்டுப் பெரியவர்களுக்கு என்று தோன்றுகிறது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு பொடி எழுத்தைப் படிக்க முடியாமல் வாசிப்பையே விட்டவர்கள் பல வீடுகளில் உண்டு. எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம், கையில் கனம் இல்லை, 'பொன்னியின் செல்வன்' போன்ற தடித்த தொகுதியை மடியில் தாங்க வேண்டியதில்லை. ஒரு சங்கடம் மட்டும்: மெனு தமிழில் இல்லை. முதலில் யாராவது புத்தகங்களை ஏற்றி, எழுத்தளவை வைத்துக் கொடுக்க வேண்டும். பிறகு தொட்டால் பக்கம் புரளும், அவ்வளவுதான். பேரன் பேத்தி வீட்டில் இருந்தால் அரை மணி நேர வேலை.

மிச்சப்படுத்தலாம் என்று பழைய கிண்டிலை இரண்டாம் கையாக வாங்குபவர்கள், காசு கொடுக்கும் முன் ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து 'கொ', 'ஸ்ரீ', 'மை' போன்ற எழுத்துகள் சரியாக விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். விற்பவரின் கணக்கிலிருந்து கருவி நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு செலவில்லாத ஒத்திகை இருக்கிறது. கிண்டில் ஆப் போனிலேயே இலவசம். அதை இறக்கி, இலவசத் தளங்களிலிருந்து இரண்டு தமிழ் மின்நூல்களை இபப் ஃபைலாக எடுத்து, 'சென்ட் டு கிண்டில்' வழியாக அனுப்பிப் பாருங்கள். 2022 முதல் இபப் ஃபைலை அது ஏற்றுக்கொள்கிறது. ஒரு மாதத்தில் அந்த இரண்டையும் முடித்துவிட்டால் ரீடர் உங்களிடம் சும்மா கிடக்காது. முப்பது பக்கத்திலேயே நின்றுவிட்டால், 16,999 ரூபாய் பையிலேயே இருக்கட்டும்.